24,000 யூரோவில் எங்கே படிக்கலாம்?

கேள்வி: வணிகவியலில் மூன்றாண்டு இளநிலைப் பட்டம் முடித்துவிட்டு, ஓராண்டாகக் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். ஐரோப்பாவில் மேலாண்மையோ பொருளியலோ முதுநிலை படிக்க வேண்டும் என்பது ஆசை. அப்பாவின் சேமிப்பும் அக்கா தருவதாகச் சொன்ன பணமும் சேர்ந்து 24,000 யூரோ தேறும். அதற்கு மேல் புரட்ட வழியில்லை. ஜெர்மனியில் ஒரு தனியார் கல்லூரியில் மேலாண்மை படிக்க இடம் கிடைத்திருக்கிறது. கட்டணம் ஆண்டுக்கு 12,000 யூரோ, இரண்டு ஆண்டுப் படிப்பு. வாடகையையும் சாப்பாட்டையும் பகுதி நேர வேலையில் சமாளித்துக்கொள்ளலாம் என்கிறார் ஏஜெண்ட். இந்த மாத இறுதிக்குள் 2,000 யூரோ முன்பணம் கட்ட வேண்டுமாம். கட்டலாமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

கட்டாதீர்கள். காரணத்தை உங்கள் கடிதத்தில் உள்ள எண்களை வைத்தே சொல்லிவிடுகிறேன்.

ஜெர்மனிக்கு மாணவர் விசா கேட்கும்போது, ஓராண்டு வாழ்க்கைச் செலவுக்கான பணம் கையில் இருப்பதைக் காட்ட வேண்டும். பெரும்பாலோர் அதற்காக 'பிளாக்டு அக்கவுண்ட்' என்ற கணக்கைத் திறந்து, 2024 செப்டம்பரிலிருந்து நடைமுறையில் உள்ள தொகையான 11,904 யூரோவை அதில் போடுகிறார்கள். அந்தப் பணம் மாதத்துக்கு 992 யூரோ என்ற அளவில்தான் உங்கள் கைக்கு வரும். முதலாண்டுக் கட்டணம் 12,000 யூரோவையும் இதையும் கூட்டினால் 23,904 ஆகிறது. உங்களிடம் மிஞ்சுவது 96 யூரோ. விமான டிக்கெட்டுக்கே அது போதாது. இரண்டாம் ஆண்டுக் கட்டணமும் இரண்டாம் ஆண்டுச் சாப்பாடும் இன்னும் கணக்கிலேயே வரவில்லை.

பகுதி நேர வேலை அந்தப் பள்ளத்தை நிரப்பிவிடும் என்பதை நான் நம்பவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் மாணவர்கள் அங்கே ஆண்டுக்கு 140 முழு நாட்களோ 280 அரை நாட்களோ வேலை செய்யலாம் என்பது உண்மைதான். ஆனால் மொழி தெரியாமல் போய் இறங்கும் முதல் சில மாதங்களில் வேலை கிடைப்பதே கடினம். கிடைத்த பிறகும் தேர்வுக் காலத்தில் அதைத் தொடர முடியாது. அந்த வருமானம் வந்தால் வரட்டும், வராவிட்டாலும் படிப்பு நிற்கக் கூடாது என்ற அளவில் மட்டுமே அதற்குக் கணக்கில் இடம் கொடுங்கள்.

இப்போது அதே பணத்தை அரசுப் பல்கலைக்கழகத்துக்கு எடுத்துச் செல்லுங்கள். ஜெர்மனியின் பெரும்பாலான மாநிலங்களில் அரசுப் பல்கலைக்கழகங்கள் படிப்புக் கட்டணம் வாங்குவதில்லை. செமஸ்டருக்கு ஏறக்குறைய 100 முதல் 350 யூரோ வரை ஒரு பங்களிப்புத் தொகை மட்டும் உண்டு. இரண்டு ஆண்டு வாழ்க்கைச் செலவு, அரசு சொல்லும் அளவுப்படியே, 23,808 யூரோ. தனியார் கல்லூரியில் ஓராண்டைக்கூட முழுதாகத் தாங்காத பணம், இங்கே கிட்டத்தட்ட இரண்டு ஆண்டையும் தாங்கிவிடுகிறது. செமஸ்டர் தொகைக்கும் பயணத்துக்கும் விழும் சிறு துண்டை விடுமுறைக்கால வேலையில் ஈடுகட்டலாம். பகுதி நேர வேலையின் சரியான இடம் அதுதான். ஏஜெண்ட் உங்களிடம் ஏன் இதைச் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். சேர்க்கைக்குக் கமிஷன் தருவது பெரும்பாலும் தனியார் கல்லூரிகள்தான். அவருடைய பட்டியலில் எந்தெந்தப் பெயர்கள் இல்லை என்று பார்த்தால் இது புரியும்.

'ஜெர்மனியில் கட்டணமே இல்லை' என்ற வாக்கியத்தையும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் 2017 குளிர்கால செமஸ்டரிலிருந்து வெளிநாட்டு மாணவர்களிடம் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மேலாண்மைக்கும் பொருளியலுக்கும் பெயர் பெற்ற மான்ஹைம் பல்கலைக்கழகம் அந்த மாநிலத்தில்தான் இருக்கிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 முதல் கட்டணம் வாங்கத் தொடங்கிவிட்டது. மியூனிக் நகரில் 992 யூரோவில் பெரும் பகுதி வாடகைக்கே போய்விடும் என்பது வேறு. நார்வேயும் இலவசம் என்று இன்னும் சிலர் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். 2023 இலையுதிர் காலத்தோடு அது முடிந்துவிட்டது. டென்மார்க், ஸ்வீடன், பின்லாந்து ஆகியவை அதற்கு முன்பே கட்டண வழிக்கு வந்துவிட்டன. ஆகவே முன்னால் போய் வந்தவர் சொல்லும் தகவலில், அவர் எந்த ஆண்டு சேர்ந்தார் என்பதை முதலில் கேளுங்கள்.

மேலாண்மையா பொருளியலா என்பதை நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். என்னைக் கேட்டால், நாட்டைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்பே தீர்க்க வேண்டிய கேள்வி அதுதான். முதுநிலைப் பொருளியலில் நுண்பொருளியல், பேரியல் பொருளியல், பொருளாதார அளவையியல் என்ற மூன்றும்தான் எங்கேயும் அடித்தளம்; ஒரு நாட்டில் படித்ததை இன்னொரு நாட்டிலும் மதிப்பார்கள். செலவு குறைந்த அரசுப் பல்கலைக்கழகத்தில் படிப்பதால் தரம் குறையும் என்ற அச்சமும் வேண்டாம். 1994இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற ராய்ன்ஹார்ட் செல்டன் பான் பல்கலைக்கழகப் பேராசிரியர். 2014இல் பெற்ற ழான் திரோல் பிரான்சின் துலூஸ் பொருளியல் கல்லூரியைச் சேர்ந்தவர். இரண்டும் அரசு நிறுவனங்களே. மேலாண்மை அப்படி இல்லை. அதன் பயனில் பெரும் பங்கு, படிக்கும்போது கிடைக்கும் இன்டர்ன்ஷிப்பிலும் அந்த ஊர் நிறுவனங்களோடு ஏற்படும் பழக்கத்திலும் இருக்கிறது. உள்ளூர் மொழி பேசாதவருக்கு அந்தக் கதவுகள் பாதிதான் திறக்கும். எனவே மேலாண்மை என்றால், படித்து முடித்து வேலை தேட நினைக்கும் நாட்டிலேயே படியுங்கள். அந்த மொழியை இன்றே தொடங்கி, புறப்படுவதற்கு முன் பேசும் அளவுக்காவது கொண்டுவந்துவிடுங்கள். ஜெர்மனி, பட்டம் முடித்தவர்களுக்கு வேலை தேட 18 மாதம் தருகிறது. அந்த மாதங்களில் மொழி தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் உள்ள வேறுபாடு மிகப் பெரியது.

பொருளியலுக்கு ஒரு தடை இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. பல அரசுப் பல்கலைக்கழகங்கள், இளநிலையில் பொருளியல், கணிதம், புள்ளியியல் பாடங்களில் இத்தனை ஐரோப்பிய கிரெடிட் (படிப்பின் அளவைக் காட்டும் புள்ளி) பெற்றிருக்க வேண்டும் என்று வரையறுக்கின்றன. அங்கே ஓராண்டுப் படிப்புக்கு 60 கிரெடிட். உங்கள் வணிகவியல் பட்டத்தில் கணக்குப் பதிவியலும் நிறுவனச் சட்டமும் எத்தனை இருந்தாலும் இந்த வரையறைக்கு உதவாது. மதிப்பெண் பட்டியலையும் பாடத்திட்டத்தையும் எடுத்துவைத்து, எந்தத் தாள் எந்தத் தலைப்பில் அடங்கும் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். குறைந்தால் மேலாண்மையோ நிதியியலோதான் நடைமுறைக்கு உகந்தது. விண்ணப்பக் கட்டணத்தை வீணாக்க வேண்டாம்.

உங்கள் நிலைக்கு நான் இன்னும் அழுத்திச் சொல்ல விரும்புவது இத்தாலியை. போலோன்யா, பாதுவா, டூரின் போன்ற அரசுப் பல்கலைக்கழகங்களில் கட்டணம் குடும்பத்தின் பொருளாதார நிலையைப் பொறுத்து அமைகிறது. அதை அளக்கும் கணக்குக்கு 'இசே' என்று பெயர். வெளிநாட்டுக் குடும்பங்களுக்கு அதற்கு இணையான ஒரு கணக்கு உண்டு. பெற்றோரின் வருமானச் சான்று, வங்கி இருப்பு, சொந்த வீடு இருந்தால் அது எத்தனை சதுர மீட்டர் என்பது வரை கேட்பார்கள். எல்லாவற்றையும் மொழிபெயர்த்துச் சட்டப்படி சான்றொப்பம் வாங்க வேண்டும். அலைச்சல்தான், ஆனால் பலன் பெரியது. அதே அடிப்படையில் மாநில அரசுகள் தரும் உதவித்தொகையில் கட்டண விலக்கும், ரொக்கமும், சில இடங்களில் விடுதியும் சாப்பாடும் அடங்கும். தகுதிப் பட்டியலில் பெயர் வந்தும், ஒதுக்கிய நிதி தீர்ந்துபோனதால் பணம் கிடைக்காமல் போவதும் உண்டு. கிடைத்தாலும் முதல் தவணை வரச் சில மாதங்கள் ஆகும். ஆகவே முதல் குளிர்காலத்தை உங்கள் சொந்தப் பணத்தில் கடக்க வேண்டியிருக்கும். குறித்த கிரெடிட்களை முதலாண்டில் முடிக்காவிட்டால் கொடுத்ததைத் திருப்பியும் கேட்பார்கள்.

ஆஸ்திரியாவில் அரசுப் பல்கலைக்கழகக் கட்டணம் வெளிநாட்டவருக்கு செமஸ்டருக்கு 726.72 யூரோ, வியன்னா பொருளாதார, வணிகப் பல்கலைக்கழகத்தைப் பாருங்கள். பிரான்சில் முதுநிலைக்கு 2019இல் ஆண்டுக்கு 3,770 யூரோ என்று நிர்ணயித்தார்கள். அது பின்னர் சற்று உயர்ந்திருக்கிறது, சில பல்கலைக்கழகங்கள் பகுதி விலக்கும் தருகின்றன. ஐரோப்பிய ஒன்றியம் தரும் எராஸ்மஸ் முண்டுஸ் உதவித்தொகைக்குப் போட்டி கடுமை என்றாலும் விண்ணப்பித்துவிடுங்கள்: கட்டணம் முழுவதும் போக மாதம் 1,400 யூரோ தருகிறார்கள், பொருளியலிலேயே பல நாட்டுப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்தும் கூட்டுப் படிப்புகள் இருக்கின்றன, பெரும்பாலானவற்றுக்கு அக்டோபர் முதல் ஜனவரி வரை விண்ணப்பக் காலம்.

இவ்வளவுக்கும் ஓராண்டு காத்திருக்க நேரலாம் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். நீங்கள் வேலையில் இருப்பதால் அந்த ஓராண்டு வீணல்ல. மொழி வகுப்புக்கும் கொஞ்சம் கூடுதல் சேமிப்புக்கும் அது உதவும். முன்பணக் கெடு நெருங்குகிறது என்று ஏஜெண்ட் நாளைக்கே அழைப்பார். விசா கிடைக்காவிட்டால் எத்தனை நாளில், எவ்வளவு பிடித்துக்கொண்டு திருப்பித் தருவார்கள் என்பதை எழுத்தில் கேளுங்கள்.

அக்காவிடமும் ஒன்று பேச வேண்டும். அவர் தரும் பணம் அன்பளிப்பா கடனா, கடன் என்றால் நீங்கள் எப்போதிருந்து திருப்ப வேண்டும் என்று எதிர்பார்க்கிறார் என்பதை இப்போதே மனம் விட்டுக் கேட்டுவிடுங்கள். மேலே உள்ள 23,904 யூரோ கணக்கையும் அவருக்குக் காட்டுங்கள். அந்தப் பணத்தில் ஒரு பங்கு அவருடைய உழைப்பு.