ஆமை வண்டுக்கும் முள்வண்டுக்கும் என்ன உறவு?

கேள்வி: எங்கள் தோட்டத்துச் சர்க்கரைவள்ளிக் கொடியில் தங்கத் துளி ஒட்டியதுபோல ஒரு வண்டு இருந்தது. வேளாண் கல்லூரியில் படிக்கும் என் மகள் அதை ஆமை வண்டு என்கிறாள். நெற்பயிரில் வரும் முள்வண்டும் அதுவும் ஒரே துணைக்குடும்பம் என்றும் சொல்கிறாள். ஒன்று வழுவழுப்பான ஓடு, மற்றொன்று உடம்பெல்லாம் முள். இரண்டையும் எப்படி ஒரே குடும்பத்தில் சேர்த்தார்கள்?
– வாசகி, ஒட்டன்சத்திரம்

பதில்: உங்கள் மகள் சொல்வது சரியே, ஆனால் அவர் ஐம்பது ஆண்டுகளுக்கு முன் படித்திருந்தால் பெரும்பாலும் வேறு விதமாகவே சொல்லியிருப்பார். இலை வண்டுகள் எனப்படும் கிரைசோமெலிடே குடும்பத்தில் 35,000-க்கும் மேற்பட்ட சிற்றினங்கள் உள்ளன. அக்குடும்பத்தின் துணைக்குடும்பங்களில் இரண்டாவது பெரியது, ஆமை வண்டும் முள்வண்டும் இன்று சேர்ந்திருக்கும் கேசிடினே. அதில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்ட சிற்றினங்கள். லத்தீனில் தலைக்கவசத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்த பெயர் இது. ஆமை வண்டின் ஓடு தலையையும் கால்களையும் மூடி, ஓரத்தில் கண்ணாடிபோலத் தெளிந்து விரிந்திருப்பதைப் பார்த்தவர்கள் பெயரின் பொருத்தத்தை ஒப்புக்கொள்வார்கள்.

ஸ்வீடனைச் சேர்ந்த லியோனார்ட் யூலென்ஹால் 1813-ஆம் ஆண்டில் ஆமை வண்டுகளுக்குக் கேசிடினே என்றும் முள்வண்டுகளுக்கு ஹிஸ்பினே என்றும் தனித்தனியே வித்திட்டார். அந்தப் பிரிவினை நெடுங்காலம் நிலைத்தது. லண்டன் அருங்காட்சியகத்தில் பணியாற்றிய சமரேந்திர மௌலிக், இந்தியா, இலங்கை, பர்மா ஆகிய நாடுகளின் இவ்வண்டுகளைப் பற்றி 1919-இல் வெளியிட்ட பெருநூலில் இரண்டையும் ஒரே அட்டைக்குள் கொண்டுவந்தார். ஆனாலும் உள்ளே அவற்றை இரண்டு துணைக்குடும்பங்களாகவே வைத்தார். இவை உறவினர் என்பதில் அன்றும் எவருக்கும் ஐயம் இருக்கவில்லை. எவ்வளவு நெருங்கிய உறவு என்பதில்தான் சிக்கல்.

நெருக்கத்தைக் காண ஒரு உருப்பெருக்கிக் கண்ணாடி போதும். முள்வண்டைத் திருப்பிப் பாருங்கள்: பெரும்பாலான இலை வண்டுகளுக்கு வாய் முன்னோக்கியோ கீழ்நோக்கியோ இருக்க, இதற்கு வாய் பின்பக்கமாக மார்பை நோக்கி மடங்கியிருக்கும். ஆமை வண்டிலும் அப்படியே. இதனால்தான் 19-ஆம் நூற்றாண்டிலேயே இரண்டையும் சேர்த்து ‘மறைவாய் வண்டுகள்’ என்ற பொருளில் அழைத்தவர்கள் உண்டு. உணர்கொம்புகள் இரண்டும் நெற்றியில் ஒன்றையொன்று ஏறத்தாழத் தொட்டுக்கொண்டு முளைக்கின்றன. மற்ற இலை வண்டுகளின் பாதத்தில் நான்காவது கணு மிகச் சிறியதாக ஒளிந்திருக்கும். இவ்விரண்டிலும் அது ஐந்தாவதோடு ஒட்டியே போய்விட்டது. முள்ளும் ஓடும் மேற்சட்டை. உள்ளே உடற்கட்டு ஒன்றுதான்.

இருவரையும் பிரித்துக் காட்டியது வாழ்க்கை முறை. முள்வண்டு வகையினரில் பலருடைய புழுக்கள் இலையின் மேல்தோலுக்கும் கீழ்தோலுக்கும் நடுவே புகுந்து பச்சையத்தைக் குடைந்து தின்கின்றன; வேறு சிலருடையவை விரியாத குருத்துக்குள் வாழ்கின்றன. புல், பனைவகை, இஞ்சிவகை போன்ற ஒருவித்திலைத் தாவரங்களே அவற்றின் முக்கிய உணவு. ஆமை வண்டின் புழுவோ இலையின் மேல் வெட்டவெளியில் உட்கார்ந்து மேய்கிறது; சர்க்கரைவள்ளி, வள்ளைக்கீரை, நெய்வேலிக் காட்டாமணக்கு ஆகியவை அடங்கிய தாவரக் குடும்பத்தின்மீது அதற்குத் தனிப் பிரியம். இந்த வேறுபாடு பொதுவாகச் சரி என்றாலும், வரம்பு கட்டிப் பிரிக்க முயன்றபோதெல்லாம் நடுவில் யாராவது வந்து நின்றார்கள். நோட்டோசகாந்தா என்ற பேரினத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வளர்ந்த வண்டு சந்தேகமில்லாத ஆமை வண்டு; அதன் புழுவோ முள்வண்டின் புழுவைப்போல இலைக்குள் சுரங்கம் குடைகிறது. இதன் ஒரு சிற்றினத்தின் புழுவைப் புணேயைச் சேர்ந்த ஆய்வாளர்கள் வளர்த்துப் பார்த்துப் பதிவு செய்திருக்கிறார்கள். வெப்பமண்டல அமெரிக்காவில், சுருண்ட ஹெலிகோனியா இலைக்குள் வாழும் தட்டை வண்டுகளின் கதை இன்னும் வேடிக்கையானது. துணைக்குடும்பத்துக்கு அடுத்த படியைக் குலம் என்று வைத்துக்கொண்டால், இவற்றுள் ஒரு சாராரை ஆமை வண்டுகளின் குலம் ஒன்றிலும் மறு சாராரை முள்வண்டுகளின் குலம் ஒன்றிலும் வைத்திருந்தார்கள். இரண்டும் ஒரே குலம் என்று 2002-இல் சார்லஸ் ஸ்டெயின்ஸ் சேர்த்துவைத்தார். வேலியே இப்படி வயலுக்குள் ஓடினால் இரண்டு பட்டா எப்படித் தருவது?

கரோலின் சாபூ 2007-இல் வெளியிட்ட விரிவான ஆய்வும், மரபணுக்களை ஒப்பிட்ட ஆய்வுகளும் காட்டிய படம் இதுதான்: ஆமை வண்டுகள் முள்வண்டுகளுக்குப் பக்கத்துக் கிளை அல்ல, முள்வண்டுகளுக்குள்ளிருந்தே கிளைத்தவை. ஒரு பாட்டனாரின் பேரப்பிள்ளைகளில் ஒரு மகன் வழியினரை மட்டும் தனி வம்சம் என்று எழுதிவிட்டு, எஞ்சியவர்களை வேறொரு வம்சமாகக் கணக்கிட்டால் அது கணக்காகாது, வகைப்பாட்டிலும் அப்படியே. ஆகவே இரண்டையும் சேர்த்தார்கள். சேர்த்தபின் எந்தப் பெயரை வைப்பது என்று சிறிது காலம் இழுபறி இருந்தது. இரண்டு பெயர்களும் ஒரே ஆளால் ஒரே ஆண்டில் வந்தவை என்பதால், மூத்த பெயருக்கே முதலிடம் என்ற வழக்கமான விதி கைகொடுக்கவில்லை. முழுக் கூட்டத்தையும் ஹிஸ்பினே என்றே எழுதியவர்களும் உண்டு. இன்று பெரும்பாலோர் வழங்குவது கேசிடினே. பழைய நூல்களைப் புரட்டும்போது உங்கள் மகள் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

கேள்வி: நெய்வேலிக் காட்டாமணக்கு இலையில் முதுகில் கறுப்புக் குப்பையைச் சுமந்த புழுக்கள் கூட்டமாக இருந்தன. குச்சியால் தொட்டால் குப்பையை நம் பக்கம் தூக்கி ஆட்டுகின்றன. அது என்ன?
– வாசகர், மன்னார்குடி

பதில்: நீங்கள் பார்த்தது பெரும்பாலும் ஆஸ்பிடிமார்ஃபா மிலியாரிஸ் என்ற ஆமை வண்டின் புழு. மஞ்சள் ஓட்டில் கறுப்புப் பொட்டுகள் இறைந்த பெரிய வண்டு அருகில் இருந்திருந்தால் ஐயமே வேண்டாம். அந்தக் குப்பை, புழு உரித்த சட்டைகளும் அதன் எச்சமும் சேர்ந்தது. புழுவின் வால் நுனியில் கவைக்குச்சி போன்ற ஓர் உறுப்பு இருக்கிறது. தோலுரிக்கும் ஒவ்வொரு முறையும் பழைய சட்டை பின்னோக்கி நழுவி அந்தக் கவையில் மாட்டிக்கொள்கிறது. ஆகவே நுனியில் இருக்கும் மிகச் சிறிய சட்டைதான் முதற்பருவத்தது. உடலை ஒட்டியிருப்பது கடைசியாக உரித்தது. பொறுமை இருந்தால் சட்டைகளை எண்ணியே புழு எந்தப் பருவத்தில் இருக்கிறது என்று சொல்லிவிடலாம். பல சிற்றினங்களில் இதன்மேல் எச்சமும் சேர்கிறது. அதற்கென்றே ஆசனவாய் குழாய்போல நீண்டு வளைந்து, வேண்டிய இடத்தில் பூசுகிறது.

இது வெறும் அழுக்கு அல்ல, கேடயம். தாமஸ் ஐஸ்னரும் உடனிருந்தவர்களும் 1967-இல் ஐரோப்பிய ஆமை வண்டு ஒன்றின் புழுக்களை எறும்புகளுக்கு எதிரே விட்டுப் பார்த்தார்கள். எறும்பு எந்தப் பக்கம் கடிக்க வருகிறதோ அந்தப் பக்கம் புழு கேடயத்தைத் திருப்ப, எறும்பு அதில் முட்டிப் பின்வாங்கியது. உங்கள் குச்சியையும் அது எறும்பாகவே எண்ணியிருக்கிறது. எல்லா எதிரிகளிடமும் இது பலிப்பதில்லை. நீண்ட ஊசிவாய் கொண்ட சில நாவாய்ப்பூச்சிகள் கேடயத்தைத் தாண்டிக் குத்திவிடுகின்றன. இலைக்குள் குடையும் முள்வண்டுப் புழுவுக்கு இந்தச் சுமை தேவையில்லை, இலைத்தோலே கூரை. குடைவதை விட்டு வெளியே வந்த கிளைதான் கேடயம் தூக்கியது என்று பார்த்தால், முதற் கேள்விக்கான விடையும் இதில் கொஞ்சம் இருக்கிறது.

பனாமாவில் உள்ள அக்ரோமிஸ் ஸ்பார்சா என்ற ஆமை வண்டில் தாய் தன் முட்டைகளையும், பின்னர் புழுக்களையும் கூட்டுப்புழுக்களையும் விட்டு நகராமல் காவல் இருக்கிறது. பூச்சிகளில், அதிலும் வண்டுகளில், இது அரிது.

கேள்வி: பொன்வண்டு என்று பிடித்துவைத்தேன். செத்ததும் பொன் நிறம் போய்விட்டது. ஏன்?
– வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: முதலில் பெயர். தீப்பெட்டிக்குள் தழை போட்டு நாம் வளர்த்த பச்சைப் பொன்வண்டு இலை வண்டே அல்ல. அது வேறொரு குடும்பம். அதன் மினுக்கம் செத்த பின்னும் ஆண்டுக்கணக்கில் நிற்கும். உங்களிடம் இருந்தது பொன்னிற ஆமை வண்டு. இதன் பொன் சாயத்தால் வந்ததல்ல. ஓட்டில் மெல்லிய அடுக்குகளும் அவற்றிடையே ஈரமும் சேர்ந்து ஒளியைத் திருப்புவதால் தோன்றுவது. உயிர் போய் ஓடு காய்ந்ததும் அடுக்குகளின் ஒழுங்கு கெட, பொன்னும் போய்விடுகிறது. பனாமாவில் வாழும் கேரிடோடெல்லா எக்ரேஜியா என்ற சிற்றினம் உயிரோடு இருக்கும்போதே, தொந்தரவு செய்தால் ஓரிரு நிமிடங்களில் பொன்னிலிருந்து சிவப்புக்கு மாறுகிறது. நுண்துளைகளிலிருந்து ஈரம் விலக, அடியிலுள்ள சிவப்பு நிறமி வெளியே தெரிகிறது என்று விக்னெரோன் குழுவினர் 2007-இல் விளக்கினார்கள். அதனால் பெட்டியில் அடைக்காமல் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: இந்தத் துணைக்குடும்பத்தில் பயிருக்குக் கேடானவை எவை? நன்மை செய்பவை உண்டா?
– வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்: கேடு பெரும்பாலும் முள்வண்டுகள் பக்கமே. நெல் முள்வண்டான டைக்ளாடிஸ்பா ஆர்மிஜெரா இலையின் மேற்பரப்பைச் சுரண்டி இணைகோடுகளாக வெண்மையாக்கும்; அதன் புழு இலைநுனிப் பகுதியில் கொப்புளம்போலக் குடையும். முட்டையும் நுனிப்பக்கமே இருப்பதால்தான் நாற்று நுனியைக் கிள்ளி எறிந்துவிட்டு நடச் சொல்கிறார்கள். தென்னையில், இந்தோனேசியா, பப்புவா நியூ கினி பகுதியிலிருந்து பரவிய பிரோன்டிஸ்பா லாங்கிசிமா குருத்தோலையைத் தின்று கருக்குகிறது. மாலத்தீவு வரை வந்துவிட்டது. இதற்கு எதிராக அங்கும் வியட்நாமிலும் அசெகோடஸ் என்ற ஒட்டுண்ணிக் குளவி விடப்பட்டது. இலங்கைத் தென்னந்தோப்புகளில் 1970-களின் தொடக்கத்தில் புகுந்த இலைகுடையும் புரோமெகோதெக்காவையும் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த ஒட்டுண்ணிக் குளவியே அடக்கியது. சர்க்கரைவள்ளியில் ஆமை வண்டு இலைகளைச் சல்லடையாக்கினாலும் கிழங்கு விளைச்சலைப் பெரிதாகப் பாதிப்பது குறைவு. கையால் பொறுக்கினாலே போதும், மருந்துக்கு ஓட வேண்டியதில்லை.

நன்மைக்கு: காடுகளை மூடிவரும் உண்ணிச்செடியை ஒழிக்க, அதன் தாயகமான அமெரிக்க நாடுகளின் இலைகுடையும் முள்வண்டுகளான ஆக்டோடோமா, யூரோபிளேட்டா ஆகியவற்றை இந்தியாவுக்குக் கொண்டுவந்து விட்டார்கள். இலை பழுத்துப் புள்ளிபட்டதே தவிர, உண்ணிச்செடி ஒழியவில்லை. மலைப்பாதையில் போகும்போது நீங்களே பார்த்திருப்பீர்கள்.