எலிகளில் பலன் தந்த இயக்க நரம்பணு நோய் மருந்துகள் மனிதர்களிடம் ஏன் தோற்றுப்போகின்றன?

தசைகளுக்குக் கட்டளை கொண்டுபோகும் நரம்பணுக்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துப்போவதுதான் இயக்க நரம்பணு நோய். அதில் அதிகம் காணப்படும் வகை ஏஎல்எஸ்.

சரி, மருந்தைச் சோதிக்க எலிக்கு இந்த நோய் வர வேண்டுமே? சில குடும்பங்களில் எஸ்ஓடி1 மரபணுவில் பிழை இருப்பது 1993-இல் தெரியவந்தது. அடுத்த ஆண்டே, பிழையுள்ள அந்த மனித மரபணுவைச் சுண்டெலிகளுக்குள் புகுத்தினார்கள். மூன்று மாதம் வாக்கில் பின்னங்கால் நடுங்கும், அப்புறம் செயலிழக்கும். ஐந்து மாதத்துக்குள் பெரும்பாலானவை இறந்துவிடும்.

சிக்கலும் இங்கேதான் இருக்கிறது. இந்தப் பிழை மொத்த நோயாளிகளில் சுமார் 2 சதவீதம் பேருக்குத்தான் உண்டு. அதோடு, பல ஆய்வுகளில் எலிக்கு அறிகுறி தெரியும் முன்பே மருந்து கொடுத்துவிடுகிறார்கள். மனிதருக்கோ நோயை உறுதிசெய்யவே ஏறக்குறைய ஓராண்டு ஆகிவிடுகிறது. நாமே ஓட்டை போட்ட குழாயைத் தண்ணீர் திறக்கும் முன்பே அடைப்பது எளிது. எங்கே கசிகிறதென்றே தெரியாமல், சுவர் ஊறிய பிறகு அடைப்பது அப்படியல்ல.

மினோசைக்ளின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்து எலிகளின் ஆயுளை நீட்டியது. 2007-இல் வெளியான மனிதச் சோதனையிலோ, அதை எடுத்தவர்கள் இன்னும் வேகமாக நலிந்தார்கள். எலிச் செய்தியை நம்பி யாரும் தாமாக மருந்து தொடங்க வேண்டாம் என்று வற்புறுத்திச் சொல்வது இதனால்தான்.

அதற்காக எலிச் சோதனையே வீண் என்று பலர் நினைப்பது தவறு: 2023-இல் அமெரிக்கா அனுமதித்த டோஃபர்சென், எஸ்ஓடி1 பிழை உள்ளவர்களுக்கான மருந்து, இதே எலிகளில் சோதித்த பிறகே மனிதர்களிடம் வந்தது.