இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவில் இருக்கும் நீதியரசர்கள் முன்பு என்ன வேலை பார்த்தவர்கள்?

வவுனியாவில் முறைப்பாடு கொடுக்க யோசிக்கும் ஒருவர் இதைக் கேட்டிருந்தார். அவசியமான கேள்வி.

முதலில் ஒன்று: 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி இந்த ஆணைக்குழுவில் ஐந்து பேர். நீதியரசராக இருந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மனித உரிமை விடயத்தில் அறிவோ அனுபவமோ போதும். ராதிகா குமாரசுவாமி, தீபிகா உடகம இருவரும் சட்ட அறிஞர்களாகத் தலைமை ஏற்றவர்கள். பின்பு தலைவர்களாக வந்த ரோகிணி மாரசிங்க, எல்.டி.பி. தெஹிதெனிய இருவரும் நாட்டின் அதியுயர் நீதிமன்றமான உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதியரசர்கள்.

சரி, நீதியரசர் என்றால் எல்லோரும் ஒரே வழியில் வந்தவர்களா? இல்லை. சிலர் நீதவானாகத் தொடங்கி, மாவட்ட நீதிமன்றம், மேல் நீதிமன்றம், மேன்முறையீட்டு நீதிமன்றம் என்று படிப்படியாக ஏறியவர்கள். சிலர் அரசுக்காக வழக்காடும் சட்டமா அதிபர் திணைக்களத்திலிருந்து நேரே மேல்மட்டத்துக்கு வந்தவர்கள். வன்னியில் இந்த வேறுபாடு பெரிது. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையை நீதிமன்றத்தில் கொண்டுவந்து நிறுத்தக் கோரி ஆட்கொணர்வு மனுப் போட்ட தாய், மறுபக்கத்தில் அரசுக்காக எழும்பி நிற்கும் அதே திணைக்களத்தின் சட்டத்தரணியைத்தான் பார்த்திருக்கிறார். அங்கிருந்து வந்தவர் நடுநிலையாக இருக்கமாட்டார் என்பதல்ல, ஆனால் அந்தத் தாய் பின்னணியைக் கேட்பது முழுக்க நியாயம் என்றே நினைக்கிறேன்.

யார் தலைவராக இருந்தாலும் ஆணைக்குழு தீர்ப்பு வழங்காது, விசாரித்துப் பரிந்துரைக்கும். அப்புறம், உரிமை மீறப்பட்டு ஒரு மாதத்துக்குள் முறைப்பாட்டைக் கொடுத்துவிடுங்கள். அப்படிக் கொடுத்தால், விசாரணை நடக்கும் காலம் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுவுக்கான ஒரு மாதக் கெடுவில் சேராது. வவுனியாவிலேயே பிராந்திய அலுவலகம் இருக்கிறது.