சார்லி பர்லியை எங்கே வைப்பது?

வணக்கம்.

குத்துச்சண்டையில் எல்லாக் காலத்துக்குமான மிடில்வெயிட் (நடுத்தர எடைப் பிரிவு) வரிசையில் அமெரிக்கக் கறுப்பின வீரர் சார்லி பர்லிக்கு ஏழாவது இடம் கொடுத்திருந்தீர்கள். அவர் உலகப் பட்டம் எதையும் வென்றதில்லை. எஸ்ஸார்ட் சார்லஸிடம் இரண்டு முறை தோற்றிருக்கிறார். அவருடைய சண்டைகளைப் பார்க்கலாம் என்றால் படச்சுருளும் அநேகமாக இல்லை. வாய்ப்பு மறுக்கப்பட்டவர் என்ற பரிவில் கொடுத்த இடமோ என்று தோன்றுகிறது. ‘வாய்ப்பு கிடைத்திருந்தால் வென்றிருப்பார்’ என்பதைச் சாதனைக் கணக்கில் சேர்க்கலாமா?

அன்புடன்,
ரா.

அன்புள்ள ரா.,

சேர்க்கக் கூடாது. இதில் நான் உங்கள் கட்சிதான். பர்லியைப் பற்றி எழுதுகிறவர்கள் பலரும் பெரும் சாம்பியனான சுகர் ரே ராபின்சன் அவரோடு மோத மறுத்தார் என்ற இடத்தில்தான் தொடங்குகிறார்கள். அந்தப் பேச்சால் பர்லிக்கு நன்மையைவிடக் கெடுதலே அதிகம். அதை அடியோடு விட்டுவிடுவோம். நடந்த சண்டைகளை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

1944 ஏப்ரல், ஹாலிவுட். ஆர்ச்சி மூருடன் பத்துச் சுற்று. பர்லி கடைசி நேரத்தில் மாற்று ஆளாக அழைக்கப்பட்டவர். மூரைத் திரும்பத் திரும்பத் தரையில் வீழ்த்தி, புள்ளிகளில் சந்தேகமின்றி வென்றார். அன்று மூர் கற்றுக்குட்டி அல்ல, பல ஆண்டுகள் ரிங்கில் பழகியவர். 1952இல் லைட் ஹெவிவெயிட் (மிடில்வெயிட்டுக்கு மேலான எடைப் பிரிவு) உலகப் பட்டத்தை வென்று பல ஆண்டுகள் கையில் வைத்திருந்தவர். ராக்கி மார்சியானோவின் குத்தையும் வாங்கியவர், இளம் முகமது அலியின் குத்தையும் வாங்கியவர். அந்த மனிதர் தான் மோதியவர்களிலேயே சிறந்தவர் பர்லி என்று சொன்னார். ஹெவிவெயிட் (எல்லாவற்றிலும் கனமான பிரிவு) சாம்பியன் ஜோ ஃப்ரேசியரைப் பயிற்றுவித்த எடி ஃபட்ச்சும், தான் பார்த்தவர்களில் எல்லாத் திறமையும் ஒருங்கே அமைந்தவர் பர்லிதான் என்றார். இந்த இரண்டு சாட்சியங்களும் பரிவிலிருந்து வந்தவை அல்ல.

அடுத்தது ஃப்ரிட்ஸி சிவிக். இருவரும் பிட்ஸ்பர்க்காரர்கள். மூன்று முறை மோதினார்கள், முதலாவதில் சிவிக், அடுத்த இரண்டில் பர்லி. கடைசிச் சண்டை 1939 ஜூலையில். அடுத்த ஆண்டு அக்டோபரில் சிவிக் ஹென்றி ஆம்ஸ்ட்ராங்கை வென்று வெல்டர்வெயிட் (மிடில்வெயிட்டுக்குக் கீழான எடைப் பிரிவு) உலகச் சாம்பியன் ஆனார். தன்னை இருமுறை வென்றவருக்குப் பட்டச் சண்டை தருவதற்குப் பதிலாக, சிவிக்கின் தரப்பு பர்லியின் ஒப்பந்தத்தையே வாங்கிக்கொண்டது. ஒரே மேனேஜரின் இரண்டு ஆட்கள் எப்படி மோதிக்கொள்வார்கள்? இதை எப்போது நினைத்தாலும் எனக்குக் கோபம் வருகிறது.

பட்டம் ஏன் இல்லை என்பதற்கு நிறவெறி முதல் காரணம், ஆனால் ஒரே காரணம் அல்ல. 1942 முதல் 1945 வரை வெல்டர்வெயிட் சாம்பியன் ஃப்ரெடி காக்ரேன், மிடில்வெயிட் சாம்பியன் டோனி சேல் இருவருமே கடற்படையில் இருந்தார்கள். இரண்டு பட்டங்களும் உறைந்து கிடந்தன. 1917இல் பிறந்த பர்லியின் உச்ச ஆண்டுகள் சரியாக அவைதான்.

சார்லஸிடம் வாங்கிய தோல்விகளுக்கு வருகிறேன். 1942 மே, ஜூன் மாதங்களில், பர்லியின் சொந்த ஊரிலேயே, இருபது வயது இளைஞன் இரண்டு முறை தெளிவாக வென்றான். இதை மழுப்பக் கூடாது. ஆனால் அந்த இளைஞன் யார்? ஏழாண்டுகளில் ஹெவிவெயிட் உலகச் சாம்பியன் ஆனவன். மூரையே மூன்று முறை வென்றவன். லைட் ஹெவிவெயிட்டில் வரலாற்றிலேயே முதலிடத்துக்குரியவன் அவன்தான் என்பது என் துணிபு. வெல்டர்வெயிட்டிலிருந்து மேலே வந்த பர்லி அவனிடம் புள்ளிகளில்தான் தோற்றார். மொத்தம் 98 சண்டைகளில் யாரும் அவரை நாக் அவுட் செய்ததில்லை. அதே ஆண்டு மின்னியாபொலிஸில், தன்னைவிட 60 பவுண்டுக்கும் மேல் கனமான ஜே. டி. டர்னர் என்ற ஹெவிவெயிட்டை ஆறாவது சுற்றோடு முடித்து அனுப்பியிருக்கிறார். எடையை ஒரு சாக்காக அவர் என்றும் சொன்னவர் அல்ல. நாம் சொல்லலாம்.

படச்சுருள் பற்றி: 1946இல் ஓக்லேண்ட் பில்லி ஸ்மித்துடன் மோதியது பார்க்கக் கிடைக்கிறது. கைகளைப் பார்க்காதீர்கள், அவை தொங்கிக்கொண்டே இருக்கும். கால்களையும் இடுப்பையும் பாருங்கள். குத்து வரும்போது அவர் பின்வாங்குவதில்லை. அது தன்னைக் கடந்துபோகும் அளவுக்கு மட்டும் விலகுகிறார், அதே அசைவில் திருப்பிக் குத்துகிறார். ஓயாத அடிதடியை எதிர்பார்த்து வந்த கூட்டத்துக்கு இது சலிப்பூட்டியது. டிக்கெட் விற்காத, ஆனால் வெல்லவும் முடியாத ஒரு கறுப்பின வீரருக்குப் பட்டச் சண்டை தர எந்த மேனேஜரும் முன்வரவில்லை. அவர் பிட்ஸ்பர்க் நகராட்சியில் குப்பை அள்ளிக் குடும்பத்தைக் காப்பாற்றினார்.

மிடில்வெயிட் ஜாம்பவான்களான ஹாரி கிரெப், ராபின்சன், மோன்சோன், ஹேக்லர் ஆகியோருக்கு மேலே பர்லியை வைக்க முடியாது. அதற்குத் தடை சார்லஸ் அல்ல, ஹோல்மன் வில்லியம்ஸ். இருவரும் ஏழு முறை மோதி ஆளுக்கு மூன்று வெற்றி, ஒன்று முடிவில்லாமல் போனது. தன் தலைமுறைச் சகாவை முழுதாக அடக்காதவரை முதல் வரிசையில் உட்கார வைக்க எனக்கு மனம் வரவில்லை. ஆகவே ஏழு. அதே கணக்கு வில்லியம்ஸுக்கும் பொருந்த வேண்டும் அல்லவா? அவரை என் பட்டியலில் சேர்க்காமல் விட்டது சரியில்லை என்றுதான் நீங்கள் எழுதியிருக்க வேண்டும். அடுத்த முறை அவரைப் பதினைந்துக்குள் வைக்கிறேன், மறுப்பிருந்தால் சண்டைகளின் பட்டியலோடு எழுதுங்கள்.