டெக்ஸஸின் சின்ன கவுன்டியில் பழைய கேஸ் கட்டை எங்கே தேடுவது?

கேள்வி: டாலஸில் வசிக்கிறேன், கிரீன் கார்டு இருக்கிறது. குடியுரிமைக்கு விண்ணப்பிக்கப் போகிறேன். 2012-இல் மேற்கு டெக்ஸஸில் எம்.எஸ். படித்துக்கொண்டிருந்தபோது, வழியில் ஒரு சிற்றூர்க் கடையில் 60 டாலர் பொருளைப் பணம் கட்டாமல் எடுத்து வந்ததாகக் கைது செய்தார்கள். ஓர் இரவு லாக்கப்பில் இருந்தேன். ஜட்ஜ் முன்னால் ‘நோ கான்டெஸ்ட்’ சொன்னேன், அதாவது குற்றத்தை ஒப்புக்கொள்ளவும் இல்லை, எதிர்த்து வாதாடவும் இல்லை. அபராதம் கட்டி, ஆறு மாதம் பிரச்சினை இல்லாமல் இருந்ததும் கேஸ் தள்ளுபடி ஆனது. கையில் ஒரு காகிதமும் இல்லை. ஆன்லைனில் என் பெயரைப் போட்டால் எதுவும் வரவில்லை. ‘தள்ளுபடி ஆன கேஸ்தானே, எழுத வேண்டாம்’ என்கிறார் நண்பர். என்ன செய்யலாம்?

பதில்: நண்பர் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார், ஆனால் அந்தப் பேச்சைக் கேட்டால் மாட்டிக்கொள்வீர்கள். குடியுரிமைக்கான என்-400 படிவம் தண்டனையை மட்டும் கேட்கவில்லை, கைதையும் கேட்கிறது. தள்ளுபடி ஆனாலும், ஆவணம் முடக்கப்பட்டிருந்தாலும் ‘ஆம்’ என்றுதான் எழுத வேண்டும். தவிர, உங்களுக்கு நடந்தது ‘டிஃபர்ட் அட்ஜுடிகேஷன்’ போலத் தெரிகிறது, அதாவது தீர்ப்பைத் தள்ளிவைத்து, சொன்னபடி நடந்துகொண்டால் கேஸைத் தள்ளுபடி செய்யும் ஏற்பாடு. டெக்ஸஸ் கணக்கில் அது தண்டனை அல்ல. குடியேற்றச் சட்டத்தின் கணக்கு வேறு. குற்றத்தை ஒப்புக்கொண்டோ ‘நோ கான்டெஸ்ட்’ சொல்லியோ, அதன் மேல் ஜட்ஜ் ஏதாவது ஒரு தண்டனையோ கட்டுப்பாடோ விதித்திருந்தால், பிறகு தள்ளுபடி ஆனாலும் அது தண்டனை பெற்றதாகவே கொள்ளப்படும். அதனால் அந்தக் கேஸ் கட்டு உங்கள் கையில் இருந்தே ஆக வேண்டும்.

இப்போது எந்தக் கோர்ட் என்று பார்ப்போம். டெக்ஸஸில் 254 கவுன்டிகள் (நம் ஊர் மாவட்டம் மாதிரி). ஒவ்வொன்றிலும் ஃபெலனி (பெரிய குற்றம்) கேஸ்கள் டிஸ்ட்ரிக்ட் கிளார்க்கிடம், அதாவது கோர்ட் ஆவணங்களை வைத்திருக்கும் அதிகாரியிடம், இருக்கும். கிளாஸ் ஏ, கிளாஸ் பி மிஸ்டிமீனர்கள் (சிறு குற்றங்கள்) கவுன்டி கிளார்க்கிடம். அபராதத்தோடு முடியும் கிளாஸ் சி, கைது செய்தவர் யார் என்பதைப் பொறுத்து ஜேபி (ஜஸ்டிஸ் ஆஃப் தி பீஸ்) கோர்ட்டிலோ நகர முனிசிபல் கோர்ட்டிலோ இருக்கும். மக்கள்தொகை 8,000-க்குக் குறைந்த கவுன்டியில் டிஸ்ட்ரிக்ட், கவுன்டி என்ற இரண்டு பொறுப்பையும் ஒரே கிளார்க் பார்க்கலாம். ஒரே வாசலில் வேலை முடிவதால் அது உங்களுக்கு வசதிதான்.

பலரும் தவறான கதவைத் தட்டுவது இந்த இடத்தில்தான். இன்றைய சட்டப் புத்தகத்தைப் பார்த்தால் 100 டாலருக்குக் குறைந்த திருட்டு கிளாஸ் சி என்று இருக்கும். ஜேபி கோர்ட்டுக்குப் போன் போடுவீர்கள், ‘அப்படி ஒரு கேஸ் இல்லை’ என்பார்கள், நீங்களும் நம்பிவிடுவீர்கள். அந்த வரம்பு 2015 செப்டம்பர் 1 முதல்தான் நடைமுறையில் இருக்கிறது. 2012-இல் கிளாஸ் சி 50 டாலரோடு முடிந்தது. 60 டாலர் என்றால் கிளாஸ் பி. ஆகவே முதல் போன் கவுன்டி கிளார்க்குக்குப் போகட்டும். இன்னொன்று: போலீஸ் கைது செய்த அன்றே கேஸ் தாக்கல் ஆகிவிடுவதில்லை. மிஸ்டிமீனர் கேஸைத் தாக்கல் செய்ய இரண்டு வருடக் காலவரம்பு உண்டு. 2012-ஐ மட்டும் புரட்டிவிட்டு நிறுத்தாமல் 2013, 2014 அட்டவணையையும் பார்க்கச் சொல்லுங்கள்.

எந்தக் கவுன்டி என்பதே நினைவில்லை என்றால், முதலில் எஃப்.பி.ஐ.யிடம் உங்கள் சொந்த அடையாளப் பதிவைக் கேட்டு வாங்குங்கள். கட்டணம் 18 டாலர், கைரேகை கொடுக்க வேண்டும். கைது தேதி, கைது செய்த அலுவலகம், குற்றச்சாட்டு ஆகியவை அதில் இருக்கும். கேஸ் எப்படி முடிந்தது என்ற கட்டம் மட்டும் பல சமயம் காலியாக இருக்கும், சின்ன கவுன்டிகளில் இது சகஜம். அந்தக் காலிக் கட்டத்தைத்தான் குடியுரிமை அதிகாரி உங்களிடம் கேட்பார். காசு வாங்கிக்கொண்டு ‘பின்னணிச் சோதனை’ செய்து தரும் தனியார் தளங்களின் பிரிண்ட் அவுட்டை நம்பிப் போகாதீர்கள். கிளார்க்கின் முத்திரை இல்லாத காகிதம் அதிகாரி முன் நிற்காது.

அப்புறம், பெயர். ஆன்லைனில் எதுவும் வராததற்கு ஒரு காரணம், பல சின்ன கவுன்டிகள் பழைய கேஸ்களை இணையத்தில் ஏற்றாததுதான். ஆனால் நம் ஊர்க்காரர்களுக்குக் கூடுதலாக ஒரு தொல்லை உண்டு. அப்பா பெயர் பாஸ்போர்ட்டில் சர்நேம் ஆகியிருக்கும். அல்லது சர்நேம் கட்டமே காலியாக இருந்து, விசாவில் முழுப்பெயரும் சர்நேமாகி, முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘எஃப்.என்.யு.’ (முதல் பெயர் தெரியவில்லை) என்று அச்சாகியிருக்கும். லைசென்ஸிலும் அதுவே ஏறும், லாக்கப் பதிவேட்டிலும் அதுவே ஏறும். செந்தில்குமார் முருகேசன் என்பவர் ‘செந்தில்குமார்’ என்று தேடச் சொன்னால் கிடைக்காது. அட்டவணையில் முருகேசன் என்றோ, எஃப்.என்.யு. என்றோ, ‘செந்தில்’ ஒரு பெயர் ‘குமார்’ ஒரு பெயர் என்று இரண்டாக வெட்டியோ எழுதியிருப்பார்கள். அந்த வருடம் உங்கள் லைசென்ஸில் பெயர் எப்படி இருந்தது என்று தேடிப் பிடியுங்கள். சாத்தியமான எல்லா வடிவத்தையும் ஒரு தாளில் எழுதி, பிறந்த தேதியோடு கிளார்க்கிடம் கொடுங்கள். ஒரு எழுத்து மாறினாலும் கணினி ‘இல்லை’ என்று சொல்லிவிடும். தாளைப் பார்த்துத் தேடும் மனிதர் கண்டுபிடித்துவிடுவார்.

மின்னஞ்சலை விடப் போன் நல்லது. காலை நேரத்தில் கூப்பிடுங்கள். ஓரிருவர் மட்டும் இருக்கும் அலுவலகத்தில் மதியம் சாப்பாட்டுக்குக் கதவைச் சாத்திவிடுவதும் உண்டு. கதை முழுவதையும் சொல்ல வேண்டியதில்லை. ‘2012 முதல் 2014 வரை கிரிமினல் அட்டவணையில் இந்தப் பெயர்களைத் தேட வேண்டும், காஸ் நம்பர் (கேஸ் எண்) வேண்டும், சான்று நகல் வேண்டும்’, இது போதும். கிளார்க் சட்ட ஆலோசனை தர முடியாது, அதைக் கேட்டு அவரைச் சங்கடப்படுத்த வேண்டாம். நம் ஊர் மாதிரி நகல் மனு போட வக்கீலும் தேவையில்லை. கட்டணம் சில டாலர்கள்தான், ஆனால் மணி ஆர்டராக வேண்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஸ்டாம்ப் ஒட்டிய உறையையும் கூடவே அனுப்புங்கள்.

எதை வாங்க வேண்டும் என்பதிலும் கவனம் வேண்டும். கடைசித் தள்ளுபடி உத்தரவு மட்டும் போதாது. கம்ப்ளெயின்ட், இன்ஃபர்மேஷன் (அரசு வக்கீல் தாக்கல் செய்யும் குற்றச்சாட்டு), நீங்கள் கையெழுத்திட்ட ‘நோ கான்டெஸ்ட்’ காகிதம், டிஃபர்ட் உத்தரவு, தள்ளுபடி உத்தரவு என எல்லாவற்றையும் கேளுங்கள். குற்றம் கிளாஸ் பி என்பது இன்ஃபர்மேஷனில்தான் தெளிவாகத் தெரியும். அந்த எழுத்தில் உங்கள் தலையெழுத்தே இருக்கிறது. கிளாஸ் பி-க்கு உச்சத் தண்டனை 180 நாள் சிறை, கிளாஸ் ஏ-வுக்கு ஒரு வருடம். அமெரிக்காவுக்குள் அனுமதிக்கப்பட்ட ஐந்து வருடத்துக்குள் செய்த ஒரு ஒழுக்கக்கேடான குற்றத்துக்காக (திருட்டும் பொதுவாக இதில் சேரும்) நாடு கடத்த வேண்டுமென்றால், அதற்கு ஒரு வருடமோ அதற்கு மேலோ தண்டனை விதிக்க இடம் இருக்க வேண்டும். கிளாஸ் ஏ அந்தக் கோட்டைத் தொடும், கிளாஸ் பி தொடாது.

தேடியும் கிடைக்கவில்லை என்றால் சும்மா திரும்பாதீர்கள். எந்தெந்தப் பெயர்களில், எந்த வருடங்களுக்குத் தேடினார்கள் என்று குறிப்பிட்டு, ‘பதிவு இல்லை’ என்று முத்திரையோடு கடிதம் வாங்குங்கள். ஷெரிஃப் அலுவலகத்தில் கைதுப் பதிவைத் தனியாகக் கேளுங்கள். கவுன்டி அட்டர்னியிடமும் (கவுன்டியின் அரசு வக்கீல்) ஒரு கோப்பு இருந்திருக்கலாம்.

ஒரு கேள்வி எனக்கு உங்களிடம் உண்டு. கிரீன் கார்டுக்கு ஐ-485 கொடுத்தபோது இந்தக் கைதைச் சொன்னீர்களா? அந்தப் படிவமும் கைதைக் கேட்கும். சொல்லவில்லை என்றால், கேஸ் கட்டும் பழைய விண்ணப்பத்தின் நகலும் கையில் வந்த பிறகு ஒரு குடியேற்ற வக்கீலைப் பாருங்கள். அதுவரை என்-400-ஐ அனுப்பவே அனுப்பாதீர்கள். சொல்லியிருந்தால் அந்தக் கோப்பிலேயே இந்த நகல்கள் இருக்கக்கூடும், முதலில் அதைத் தேடுங்கள்.

இதற்கு நடுவில் யாராவது ‘ரெக்கார்டை அழித்துத் தருகிறேன்’ என்று வந்தால் சம்மதிக்காதீர்கள். கோர்ட் உத்தரவால் ஆவணம் அழிந்துபோனாலும் குடியுரிமை அலுவலகம் அதைக் கேட்பதை நிறுத்தாது. கொடுப்பதற்கு உங்களிடம் ஒன்றும் இருக்காது. சான்று நகலை இரண்டு செட்டாக வாங்குங்கள். ஒன்று விண்ணப்பத்தோடு போகும், மற்றொன்றை நேர்காணலுக்கு எடுத்துச் செல்லுங்கள்.