முதலில் அளவுகோல், அப்புறம்தான் ரம்பம்: பெரிய விமான மாடல்களில் பிழை திருத்தம் (கேள்வி பதில்)

1/32, 1/24 அளவு (நிஜத்தில் 32-இல் அல்லது 24-இல் ஒரு பங்கு) விமான கிட்களில், அதாவது நாமே ஒட்டிச் சேர்க்கும் பிளாஸ்டிக் மாடல்களில் இருக்கும் பிழைகளைப் பற்றி வந்த கேள்விகளுக்கு ஒரே இடத்தில் பதில் எழுதுகிறேன். ஒரே கேள்வி பலரிடமிருந்து வந்திருந்தால் சேர்த்துவிட்டேன். வெர்னியர் காலிபரும் கால்குலேட்டரும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் நல்லது.

கேள்வி: சார், 1/32 ஸ்பிட்ஃபயர் (பிரிட்டிஷ் போர் விமானம்) மார்க் 9 கிட்டின் உடல் பாதிகளை வரைபடத்தின் மேல் வைத்துப் பார்த்தேன். 3 மி.மீ. குட்டையாக இருக்கிறது. வெட்டி நீட்டிவிடலாமா?

பதில்: ரம்பத்தைக் கீழே வையுங்கள். முதலில் வரைபடத்தைச் சந்தேகப்படுங்கள், கிட்டை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

வழக்கமான வட்ட நுனி கொண்ட மார்க் 9-இன் இறக்கை, நுனியிலிருந்து நுனி வரை 36 அடி 10 அங்குலம், அதாவது 11,227 மி.மீ. அதை 32-ஆல் வகுத்தால் 351 மி.மீ.க்குச் சற்றுக் குறைவு. உங்கள் வரைபடத்தில் இந்த 351 வருகிறதா? 354 வந்தால் தாள் ஒரு சதவீதம் பெரிதாக அச்சாகியிருக்கிறது. உடல் நீளம் 30 செ.மீ.க்குப் பக்கம் என்பதால், அந்த ஒரு சதவீதமே உங்களுடைய 3 மி.மீ. பிழை முழுவதையும் விழுங்கிவிடும்.

இன்னொரு தொல்லையும் உண்டு. அச்சு இயந்திரம் தாளை ஒரு வாக்கில் மட்டும் இழுத்துவிடும். நீளம் சரியாக இருக்கும், அகலம் தப்பாக இருக்கும். நீங்களே அச்சிடுவதாக இருந்தால் வரைபடத்தின் ஓரத்தில் 100 மி.மீ. சதுரம் ஒன்றைப் போட்டு அச்சிடுங்கள். நான்கு பக்கமும் 100 வந்தால் மட்டும் அந்தத் தாளை நம்பலாம்.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. பல வருடங்களுக்கு முன் நல்ல உடல் ஒன்றை வெட்டி, 2 மி.மீ. துண்டு செருகி, தேய்த்து, பிரைமரும் (பெயின்டுக்கு முந்தைய அடிப்பூச்சு) அடித்து முடித்த பிறகுதான் வரைபடத்தில் இறக்கையை அளந்து பார்த்தேன். வெட்டுவதற்கு முன்னால் அந்தக் கிட் சரியாகத்தான் இருந்தது.

கேள்வி: அண்ணா, வரைபடமே வேண்டாம், புகைப்படத்தை வைத்துச் சரிபார்க்கலாமா? அருங்காட்சியக விமானத்தை நானே படம் எடுத்து வைத்திருக்கிறேன்.

பதில்: வடிவத்தைப் புரிந்துகொள்ளப் படம் போல ஒன்றில்லை. ஆனால் அளவெடுக்க உதவாது. பக்கத்தில் நின்று எடுத்தால் மூக்கு பெருத்து, வால் சிறுத்துவிடும். தள்ளி நின்று, ஜூம் செய்து, நேர் பக்கவாட்டில் எடுத்த படம் ஓரளவு பரவாயில்லை. அருங்காட்சியக விமானத்திலும் ஒரு எச்சரிக்கை: அதில் பாதி வேறு விமானத்திலிருந்து வந்திருக்கலாம். டயர், ஆன்டெனா, காக்பிட் கருவிகள், பெயின்ட் இவற்றில் போர்க்காலப் படத்தைத்தான் நான் நம்புவேன்.

கேள்வி: அமெரிக்க விமானக் கையேடுகளில் ‘ஸ்டேஷன்’ என்று எண்கள் வருகின்றனவே, அவற்றால் நமக்கு என்ன பயன்?

பதில்: பெரிய பயன். ஒரு தொடக்கக் கோட்டிலிருந்து எத்தனை அங்குலம் என்பதுதான் ஸ்டேஷன் எண். ஓவியர் யாரும் கண்ணால் பார்த்துப் போட்டதல்ல. தொழிற்சாலையின் சொந்த அளவு. உடலுக்குள் எலும்புக்கூடு போல இருக்கும் சட்டங்களில் இரண்டின் எண்களுக்கு இடையே 20 வித்தியாசம் என்றால் அவற்றுக்கு நடுவே 508 மி.மீ. 1/32-இல் 15.9 மி.மீ. கிட்டில் அதே இடத்தில் உள்ள இரண்டு பேனல் கோடுகளுக்கு (தகடுகள் சேரும் கோடுகள்) நடுவே காலிபரை வையுங்கள். இப்படி ஏழெட்டு இடத்தில் பார்த்தால் பிழை எந்த இடத்தில் இருக்கிறது என்பதும் தெரிந்துவிடும். ‘உடல் குட்டை’ என்று பொதுவாகச் சொல்வது வேறு, ‘காக்பிட்டுக்குப் பின்னால் இந்த இரண்டு சட்டங்களுக்கு நடுவே 2 மி.மீ. குறைகிறது’ என்று சொல்வது வேறு. இரண்டாவதைத்தான் திருத்த முடியும்.

கேள்வி: எல்லாம் அளந்தாகிவிட்டது, உண்மையாகவே குட்டைதான். எப்படி வெட்டுவது?

பதில்: சரி, இப்போது ரம்பத்தை எடுக்கலாம்.

வெட்டும் இடம் ஒரு பேனல் கோடாக இருக்கட்டும். தடித்த லேபிள் டேப்பைக் கோட்டோரமாக ஒட்டி, ஸ்க்ரைபரால் (கோடு கீறும் ஊசி) இருபது முப்பது முறை மெதுவாக இழுத்துப் பள்ளமாக்கிவிட்டு, மீதியை மெல்லிய ரம்பத்தால் அறுங்கள். முதலிலேயே ரம்பத்தை வைத்தால் அது தன் இஷ்டத்துக்குப் போகும்.

உடல் வாலை நோக்கிச் சிறுத்துக்கொண்டே போகும் இடத்தில் துண்டு செருகினால் ஒரு படி விழும். 10 மி.மீ.க்கு 1 மி.மீ. சிறுக்கிறது என்று வையுங்கள், 3 மி.மீ. துண்டுக்கு 0.3 மி.மீ. படி. தேய்த்துச் சரிசெய்துவிடலாம், ஆனால் சுற்றியுள்ள ரிவெட்டெல்லாம் போய்விடும். அதனால் 3 மி.மீ.யை ஒரே இடத்தில் போடாமல் 1.5 மி.மீ. வீதம் இரண்டு இடத்தில் போடுவது என் வழக்கம்.

செருகும் பிளாஸ்டிக் ஷீட்டை உடலின் வடிவத்துக்கு முன்கூட்டியே நறுக்காதீர்கள். பெரிதாகவே ஒட்டுங்கள், காய்ந்த பிறகு வெளியே நீட்டிக்கொண்டிருப்பதை நறுக்கித் தேயுங்கள். ஒட்டும்போது முதுகு ஓரத்தை ஸ்டீல் அளவுகோலோடு சேர்த்துக் கிளிப் போட்டுவிட வேண்டும். இல்லாவிட்டால் இடது பாதியும் வலது பாதியும் மயிரிழை மாறி ஒட்டிக்கொண்டு, சேர்க்கும்போது மொத்த உடலும் வில்லாக வளைந்து நிற்கும். ஒட்டிய பின் ஒரு முழு நாள் தொடாதீர்கள்.

இடுக்குகளை அடைக்க டியூப் புட்டியைவிட, டால்கம் பவுடர் கலந்த சூப்பர் குளூ மேல். அதன் மேல் கோடு கீறினால் ஓரம் பொடிந்து உதிராது. ஆனால் ஒரு மணி நேரத்துக்குள் தேய்த்துவிட வேண்டும். மறுநாள் வந்து தேய்த்தால் அது கல்லாகியிருக்கும், பக்கத்துப் பிளாஸ்டிக்தான் கரையும்.

கேள்வி: என் 1/32 மஸ்டாங்கில் (அமெரிக்கப் போர் விமானம்) இறக்கை முழுக்க அழகான ரிவெட் வரிசை. அதை மூடச் சொல்கிறார்களே, நிஜமாகவா? மனசே வரவில்லை.

பதில்: நிஜம்தான். பி-51டி என்ற மஸ்டாங்கின் இறக்கை லாமினார் வகை. காற்று வழுக்கிக்கொண்டு போக வேண்டும் என்பதற்காகத் தொழிற்சாலையிலேயே இறக்கையின் முன்பகுதியில் தகட்டு இணைப்புகளையும் ரிவெட்டுகளையும் புட்டியால் மூடி, தேய்த்து, அதன் மேல் அலுமினிய நிற லாக்கர் அடித்தார்கள். புதிய மஸ்டாங்கின் உடலில் தெரியும் கோடுகள் இறக்கையின் முன்பாதியில் தெரியாது.

கெட்டியான திரவ பிரைமரைத் தூரிகையால் வரிசை வரிசையாக இழுத்து, காய்ந்ததும் ஈர உப்புத்தாளால் தேயுங்கள். இரண்டு சுற்று தேவைப்படும். எல்லாவற்றையும் மூடிவிடாதீர்கள்: துப்பாக்கி, தோட்டாப் பெட்டிகளின் மூடிகள், எரிபொருள் மூடி, ஃபிளாப், எய்லரான் (இறக்கையின் பின்விளிம்பில் அசையும் பலகைகள்) கோடுகள் இருக்க வேண்டும். அவை திறக்க வேண்டியவை, புட்டி போட முடியாது.

பெயின்ட் அடிக்கும்போது இதன் பலன் கிடைக்கும். உடல் பளபளக்கும் வெறும் உலோகம், இறக்கை மங்கலான வெள்ளி லாக்கர். இரண்டுக்கும் ஒரே வெள்ளி அடித்த மஸ்டாங்கை நான் தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடுவேன். இன்று பறக்கும் மஸ்டாங் பலவற்றில் இறக்கையையும் கண்ணாடி போல மெருகேற்றி வைத்திருக்கிறார்கள். அந்தப் படத்தைக் காட்டி யாராவது வாதிட்டால் எந்த வருடத்துப் படம் என்று மட்டும் கேளுங்கள்.

கேள்வி: 1/24 கிட்டில் பேனல் கோடுகள் வாய்க்கால் மாதிரி இருக்கின்றன. எவ்வளவு அகலம் இருந்தால் சரி?

பதில்: கணக்குப் போட்டால் நமக்கே சிரிப்பு வரும். 0.25 மி.மீ. கோடு 1/32-இல் 8 மி.மீ. இடைவெளி. நிஜ விமானத்தில் அப்படி இருந்தால் ஒரு பென்சில் உள்ளே போய்ப் படுத்துக்கொள்ளும். உண்மையான இணைப்பு ஒரு மி.மீ. அளவுதான் என்றால் மாடலில் 0.03 வர வேண்டும், அது கண்ணுக்கே தெரியாது. ஆக எல்லோரும் பொய்தான் சொல்கிறோம், அளவோடு சொல்ல வேண்டும். நான் அடர்த்தியான பிரைமரை இரண்டு மூன்று பூச்சு அடித்துத் தேய்த்துக் கோட்டை ஆழமில்லாமல் ஆக்கிவிடுவேன், அதில் கறுப்பு வாஷ் (கோட்டை எடுத்துக்காட்டும் நீர்த்த பெயின்ட்) ஓட்ட மாட்டேன்.

ரிவெட்டுக்கும் அதே கணக்கு. சுமார் 5 மி.மீ. தலை என்றால் 1/32-இல் 0.16, 1/24-இல் 0.2. வரிசையில் அங்குலத்துக்கு ஒன்று என்றால் 1/32-இல் 0.8 மி.மீ. இடைவெளி, ரிவெட் சக்கரம் வாங்கும்போது இந்த எண்ணைப் பாருங்கள்.

எல்லா ரிவெட்டும் தட்டையானவையும் அல்ல. ஸ்பிட்ஃபயரில் உருண்டைத் தலை ரிவெட்டை எங்கெல்லாம் வைத்தால் வேகம் குறையும் என்று பார்க்க, தட்டையான ரிவெட்டுகளின் மேல் உடைத்த பட்டாணியை ஒட்டிப் பறந்து பார்த்தார்கள். மணிக்கு 22 மைல் வரை குறைந்ததாம். பிறகு பட்டாணியை வரிசை வரிசையாகப் பிய்த்து எடுத்து, எந்த வரிசை முக்கியம் என்று கண்டுபிடித்தார்கள். மேடான ரிவெட் வேண்டிய இடத்தில் கிட் குழி போட்டிருந்தால், ரெசின் புள்ளிகள் கொண்ட டெக்கால் தாள் (நீரில் நனைத்து ஒட்டும் ஸ்டிக்கர்) வாங்கி ஒட்டுவதுதான் சுலபம்.

கேள்வி: 1/24 ஸ்பிட்ஃபயர் இறக்கை தட்டையாகத் தெரிகிறது. எவ்வளவு உயர வேண்டும்?

பதில்: 6 டிகிரி. 100 மி.மீ. நீளத்துக்கு 10.5 மி.மீ. உயர்வு. அட்டையில் அந்த முக்கோணத்தை வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அட்டையை இறக்கையின் அடிப்பக்கத்தில் ஒட்டி வைத்து அளக்கக் கூடாது. இறக்கை நுனியை நோக்கி மெலிவதால் அடிப்பக்கம் 6-ஐவிட அதிகமாகவும் மேல்பக்கம் குறைவாகவும் காட்டும். முன்விளிம்பின் நடுக்கோட்டில் அளவெடுங்கள். இதைத் தெரியாமல் பலர் சரியான இறக்கையை வளைத்திருக்கிறார்கள்.

உண்மையிலேயே தட்டையாக இருந்தால், உடலோடு சேரும் இடத்தில் உட்புறமாகக் கீறி, வளைத்து, குறுக்கே பித்தளைக் குழாய் ஒன்றைக் கொடுத்து ஒட்டுங்கள். வளைக்கும்போது முறுக்கிவிடாதீர்கள். ஸ்பிட்ஃபயர் இறக்கையில் ஏற்கெனவே ஒரு முறுக்கு இருக்கிறது: உடலோடு சேரும் இடத்தில் முன்விளிம்பு மேல்நோக்கி 2 டிகிரி, நுனியில் கீழ்நோக்கி அரை டிகிரி.

கேள்வி: அதே ஸ்பிட்ஃபயரில் ஃபிளாப்பைத் திறந்து வைக்கலாமா?

பதில்: கிட் கொடுக்கிறது, விமானிகள் கொடுக்கவில்லை. தரை இறங்கியதும் மேலே ஏற்றிவிடுவார்கள். மூடி வையுங்கள், வேலையும் மிச்சம். ஜெர்மன் மெஸ்ஸர்ஷ்மிட் 109-இன் முன்விளிம்பு ஸ்லாட் (வெளியே நகரும் சிறு பட்டை) அப்படியல்ல, அது காற்றின் அழுத்தத்தால் இயங்குவது. நிற்கும்போது வெளியே வந்திருந்தாலும் தப்பில்லை.

கேள்வி: காக்பிட் கண்ணாடி தட்டையாக, உயரம் குறைவாக இருக்கிறது. கண்ணாடியை நீட்ட முடியாதே, என்ன செய்வது?

பதில்: புதிதாகத்தான் செய்ய வேண்டும். பால்சா கட்டையிலோ எபாக்ஸி புட்டியிலோ சரியான வடிவத்தைச் செதுக்குங்கள். அதில் ஒரு சூட்சுமம்: அச்சு, ஷீட்டின் தடிமன் அளவுக்குச் சிறியதாக இருக்க வேண்டும். 0.5 மி.மீ. ஷீட் என்றால் இரு பக்கமும் சேர்த்து அகலத்தில் 1 மி.மீ. குறைய வேண்டும். அச்சில் இருக்கும் ஒவ்வொரு கீறலும் கண்ணாடியில் அப்படியே வரும், அதனால் மெருகேற்றும் வரை தேயுங்கள். தெளிவான ஷீட்டைச் சட்டத்தில் இறுக்கி, சூடாக்கி, தொய்ய ஆரம்பித்த உடனே அச்சின் மேல் ஒரே அழுத்தாக அழுத்துங்கள். முதல் நான்கு வீணாகும், ஐந்தாவது வரும். நான் பத்துக்கு ஷீட் வாங்கி வைத்துவிட்டுத்தான் ஆரம்பிப்பேன்.

கேள்வி: கோர்செரின் (அமெரிக்கக் கடற்படைப் போர் விமானம்) இறக்கையில் துணி போர்த்திய பகுதி பட்டினி கிடந்தவன் விலா மாதிரி இருக்கிறது.

பதில்: நல்ல உவமை. முதல் வகைக் கோர்செர்களில் வெளி இறக்கையின் முதன்மைச் சட்டத்துக்கு (இறக்கையின் நீளவாக்கில் ஓடும் முக்கிய உத்தரம்) பின்னால் துணிதான், ஆனால் பூச்சு ஏறிய துணி மேளத் தோல் போல இறுகி நிற்கும். மேடுகளைத் தேய்த்துக் குறையுங்கள், பள்ளத்தில் பிரைமர் விடுங்கள். விலாக்களின் மேல் மெல்லிய மாஸ்கிங் டேப் கீற்றுகளை ஒட்டி, ஒரு பூச்சு பிரைமர் அடித்துவிட்டு டேப்பை எடுக்காமல் விட்டால் அதுவே துணித் தையலை மூடும் நாடாவாகத் தெரியும்.

கேள்வி: பழைய 1/32 ஃபான்டம் (அமெரிக்க ஜெட் போர் விமானம்) கிட்டில் வால் இறக்கைகள் எத்தனை டிகிரி?

பதில்: கீழ்நோக்கி 23. இறக்கையின் வெளிப்பகுதி மேல்நோக்கி 12. இரண்டில் எது தப்பினாலும் முன்னாலிருந்து பார்க்கும்போது அது ஃபான்டமாகவே தெரியாது. இதை மட்டும் கட்டாயம் திருத்துங்கள்.

கேள்வி: மாடல் முழுதாக முடிந்துவிட்டது. இப்போதுதான் தெரிகிறது, என் மஸ்டாங்கின் சக்கரக் குழியின் பின்சுவர் தவறாம். பிரிக்கவா?

பதில்: உண்மையில் குழியின் பின்சுவர் முதன்மைச் சட்டம்தான், நேராகப் போகும். பல கிட்கள் திறப்பின் வளைவையே பின்தொடர்ந்து சுவர் வைத்திருக்கின்றன. உங்களுடையதும் அப்படித்தான் போல. பெயின்ட் முடிந்த இறக்கையைப் பிரிக்க வேண்டாம் தம்பி. உள் கதவுகளை மூடி ஒட்டிவிடுங்கள். நின்ற மஸ்டாங்கில் ஹைட்ராலிக் அழுத்தம் இறங்க இறங்க அவை தொங்கிவிடும் என்று யாராவது கேட்டால், எஞ்சினை இப்போதுதான் நிறுத்தினார்கள் என்று சொல்லுங்கள்.