கோட்டாவ விரட்டினது செல்லுமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி (ஆரையம்பதியிலருந்து ஒரு வாசகி): அண்ணன், எங்கட மாமா பென்சன் எடுத்த குடியியல் வாத்தியார். சோறு தின்னக்குள்ளயும் இதே கதைதான். 69 லட்சம் பேர் வோட் போட்டு வந்த ஜனாதிபதி கோட்டாபயவ, கொழும்பு காலிமுகத்திடலில கூடாரம் அடிச்ச கொஞ்சப்பேர் எப்பிடி இறக்கலாம், நாளைக்கு நமக்குப் பிடிச்ச ஆளையும் இப்பிடித்தானே துரத்துவானுகள் எண்டு கேக்கார். எனக்குப் பதில் சொல்ல ஒண்ணாமப் போச்சு. நீங்க என்ன சொல்றீங்க?

பதில்: தங்கச்சி, மாமா கேக்கிறது பொல்லாத கேள்விதான். ஆனா சட்டத்தப் பாத்தா கோட்டாவ ஆரும் இறக்கல்ல, அவரே எழுதிக் குடுத்துட்டுப் போனவர். இறக்கிற வழி ஒண்டு அரசியல் யாப்பில இருக்கு, 38ம் உறுப்புரை, பாராளுமன்றத்தில 225 பேரில 150 பேர் ஓம் எண்டணும், பிறகு உயர் நீதிமன்றம் விசாரிச்சு குற்றம் எண்டு சொல்லணும், அதுக்குப் பிறகு திரும்பவும் 150. 1991ல ஜனாதிபதி பிரேமதாசவ இறக்க அவர்ர சொந்தக் கட்சிக்குள்ள லலித் அத்துலத்முதலியும் காமினி திசாநாயக்கவும் வெளிக்கிட்டும் சரிவரல்ல. 2022ல பாராளுமன்றத்தில கூடுதலா இருந்தது கோட்டாட ஆக்கள், அந்தக் கதவால போக வழியே இல்ல.

பயந்து குடுத்த ராஜினாமா செல்லுமா எண்டு மாமா அடுத்ததாக் கேப்பார். யூலை 9 சனம் ஜனாதிபதி மாளிகைக்குள்ள பூந்தது, 13 விடியக்கிடையில விமானப்படை பிளேன்ல மாலைதீவு, 14 சிங்கப்பூர். கடிதம் வந்தது அங்கயிருந்து. சிங்கப்பூர்ல ஆர் அவர்ர கழுத்தில கத்தி வச்சது? அதவிட, 20ம் திகதி பாராளுமன்றத்தில வெற்றிடத்துக்கு வோட் போட்டு ரணில 134 வோட்டால ஜனாதிபதியாக் கொண்டுவந்ததில கூடுதல் பேர் அவர்ர கட்சி எம்பிமார்தான். கதிரை காலியில்ல எண்டு அவங்க ஒருத்தரும் வாய் திறக்கல்லயே.

கொஞ்சப்பேர் எண்டதுதான் எனக்கு ஏறல்ல. 2019ல மட்டக்களப்பில பத்துக்கு ஏழு பேருக்கு மேல சஜித்துக்குத்தான் போட்டம், ஆனா 2021ல கோட்டாட அரசாங்கம் இரசாயன உரத்த நிப்பாட்டக்குள்ள எங்களுக்கு மட்டும் யூரியா வந்ததா? எங்கட பெரியப்பாட வயல் வட்டை படுவான்கரையில, அந்த மாரிப்போகம் பயிர் மஞ்சளிச்சு நிண்டது, மனிசன் ஒரு கதிரப் பிடுங்கி உள்ளங்கையில கசக்கி ஊதினா முக்கால்வாசி சப்பி, ஒரு கதையுமில்லாம வரம்பிலயே குந்திட்டார். அவர் காலிமுகத்திடலுக்குப் போகல்ல, மண்ணெண்ணெய்க் கியூவில நிண்டவர். அவரையும் எண்ணச் சொல்லுங்க மாமாவ.

எண்டாலும் வீடுகளுக்கு நெருப்பு வச்சதுக்கு என்னால நியாயம் சொல்ல ஒண்ணா, ரணில்ட வீட்டையும் சேர்த்துத்தான். 2023 நவம்பரில உயர் நீதிமன்றம், ஐஞ்சு நீதியரசர்மாரில நாலு பேர், பொருளாதாரம் விழுந்ததுக்கு கோட்டா, அவர்ர அண்ணன் மகிந்த, தம்பி பசில் எல்லாம் பொறுப்பு எண்டு தீர்ப்புச் சொன்னது. ஆனா அது அவர் போய் ஒரு வருசத்துக்கும் பிறகு.

கேள்வி (அக்கரைப்பற்று வாசகர்): ராஜினாமாவ ஈமெயில்ல அனுப்பினா செல்லுமா?

பதில்: எழுத்தில, கையொப்பம் வச்சு சபாநாயகருக்குக் குடுக்கணும் எண்டுதான் யாப்பில கிடக்கு தம்பி. அதுதான் ஈமெயில் வந்த பிறகும் அப்ப சபாநாயகரா இருந்த மகிந்த யாப்பா ஒரிஜினல் வரும்வரைக்கும் பாத்திருந்து 15ம் திகதி காலையில அறிவிச்சார்.